கோடை இறுதி அறுவடையும் வீட்டு உணவுப் பதப்படுத்தலும் (வட அமெரிக்கா)

கோடை இறுதி அறுவடையும் வீட்டு உணவுப் பதப்படுத்தலும் என்பது, வட அமெரிக்காவின் குளிர் மிகுந்த பகுதிகளில் உள்ள குடும்பப் பண்ணைகளில், ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் முதல் அக்டோபர் தொடக்கம் வரை நடைபெறும் வேலைகளின் தொகுதி ஆகும். தோட்டத்தில் விளைந்த காய்கறிகளையும் பழங்களையும் பறித்து, அடுத்த விளைச்சல் வரை கெடாமல் இருக்கும் வகையில் சேமித்து வைப்பதே இதன் நோக்கம். உலர்த்துதல், கண்ணாடிச் சாடிகளில் அடைத்தல், ஊறவைத்தல், புளிக்கவைத்தல், நிலவறையில் வைத்தல், உறையவைத்தல் ஆகியன இதில் கையாளப்படும் முதன்மையான முறைகள்.

கடைகளில் எல்லாப் பருவத்திலும் எல்லாக் காய்களும் கிடைக்கும் இக்காலத்தில் இது பெரும்பாலும் விருப்பத்தின் பேரில் செய்யப்படுகின்றது. எனினும் ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், பனிக்காலத்தில் ஒரு குடும்பம் எதை உண்ணும் என்பதை இந்தச் சில வாரங்களே தீர்மானித்தன. எந்த உணவை எந்த முறையில் காக்கலாம் என்பதற்குத் தெளிவான அறிவியல் காரணங்கள் உண்டு. அவற்றை மீறுவது சுவையைக் கெடுப்பதோடு நின்றுவிடுவதில்லை, உயிருக்கும் ஆபத்தாகலாம்.

குடும்பப் பண்ணைகளின் பின்னணி

ஐக்கிய அமெரிக்காவில் 1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் ஒப்பமிட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், குடியேறுவோருக்கு 160 ஏக்கர் வரை (ஏறத்தாழ 65 எக்டேர்) அரசு நிலத்தை வழங்கியது. நிலத்தைப் பெறுபவர் ஐந்து ஆண்டுகள் அங்கு வாழ்ந்து, வீடு கட்டிப் பயிரிட வேண்டும் என்பது விதி. கனடாவில் 1872இல் இதே போன்ற சட்டம் இயற்றப்பட்டது. இவ்வாறு வழங்கப்பட்ட நிலத்தின் பெரும்பகுதி அதற்கு முன்னர் முதற்குடி மக்களின் வாழ்விடமாக இருந்தது என்பதை இங்கு குறிப்பிட வேண்டும். அமெரிக்கச் சட்டம் 1976இல் நீக்கப்பட்டது. அலாஸ்காவில் மட்டும் அது 1986 வரை நடைமுறையில் இருந்தது.

புல்வெளிப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்களுக்கு அருகில் கடையோ சந்தையோ இருக்கவில்லை. கோதுமையும் கால்நடைகளும் பணத்துக்கு உதவின. குடும்பத்தின் அன்றாட உணவோ வீட்டை ஒட்டிய தோட்டத்தையே சார்ந்திருந்தது. இத்தோட்டமும், அதன் விளைச்சலைப் பதப்படுத்தும் வேலையும் பெரும்பாலும் பெண்களின் பொறுப்பில் இருந்தன.

பருவமும் நெருக்கடியும்

வெப்ப மண்டலத்தில் வாழும் வாசகர்களுக்கு இந்த அவசரம் வியப்பளிக்கலாம். நம் ஊர்களில் ஒரு காய் ஓய்ந்தால் இன்னொன்று காய்க்கும். மின்னசோட்டா, விஸ்கான்சின், ஒன்ராறியோ போன்ற இடங்களில் நிலைமை வேறு. மே மாதம் கடைசி உறைபனி ஓய்ந்த பிறகே மென்மையான செடிகளை வெளியில் நட முடியும். செப்டெம்பர் இறுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ முதல் உறைபனி விழுந்துவிடும். இடைப்பட்ட காலம் பல இடங்களில் 120 முதல் 150 நாட்களே. எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடப்படுவதால், எல்லாம் ஒரே நேரத்தில் முற்றுகின்றன.

ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனியான கெடு உண்டு. பீன்ஸ் காய்களை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை பறிக்க வேண்டும். உள்ளே விதை முற்றிவிட்டால் செடி மேலும் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். வெள்ளரியை இரண்டு நாள் மறந்தால் ஊறுகாய்க்கு ஏற்ற பிஞ்சு முதிர்ந்து மஞ்சள் நிறமாகிவிடும். இனிப்பு மக்காச்சோளம் பறிக்கும் பதத்தில் சில நாட்களே நிற்கும். கதிரின் நுனியில் உள்ள பட்டு போன்ற இழைகள் காய்ந்து பழுப்பாகியிருக்க வேண்டும். மணியை நகத்தால் கீறினால் பால் போன்ற சாறு வர வேண்டும். தெளிந்த நீர் வந்தால் இன்னும் பதம் வரவில்லை. மாவு போல் இருந்தால் பதம் கடந்துவிட்டது. பறித்த கணம் முதல் அதிலுள்ள சர்க்கரை மாப்பொருளாக மாறத் தொடங்குகின்றது, வெயிலில் இம்மாற்றம் மேலும் விரைவாக நிகழும். ஆகையால் அடுப்பில் நீரைக் கொதிக்க வைத்துவிட்டுப் பிறகு கதிரைப் பறிக்கச் செல்ல வேண்டும் என்று பண்ணை வீடுகளில் கூறுவது உண்டு. இது சற்று மிகைப்படுத்தல்தான், ஆனால் காரணமில்லாத கூற்று அன்று.

உறைபனி வரும் என்று அறிவிக்கப்பட்ட மாலையில் தோட்டத்தில் இறுதிச் சுற்று நடக்கும். பழைய படுக்கை விரிப்புகளால் செடிகளை மூடுவார்கள், அல்லது எஞ்சிய தக்காளியைப் பச்சையாகவே பறித்துவிடுவார்கள். முழு அளவுக்கு வளர்ந்த பச்சைத் தக்காளி, வீட்டுக்குள் 13 முதல் 21 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் தானாகவே பழுக்கும். அதற்கு வெளிச்சம் தேவையில்லை. செய்தித்தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைப்பது வழக்கம். மாறாக, பரட்டைக் கீரை என்று தமிழில் வழங்கப்படும் கேல் கீரை போன்றவை உறைபனிக்குப் பிறகே கூடுதல் இனிப்பைப் பெறுகின்றன. குளிரைத் தாங்குவதற்காக இச்செடிகள் தம்மிடமுள்ள மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுவதே இதற்குக் காரணம். ஆகவே இவை கடைசி வரை தோட்டத்திலேயே விடப்படும்.

முதற்குடிகளின் உலர்த்தும் முறை

ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே இந்நிலத்தில் கோடை இறுதிச் சேமிப்பு நன்கு வளர்ச்சியடைந்த ஒரு கலையாக இருந்தது. இது குறித்து நமக்குக் கிடைக்கும் மிக விரிவான பதிவுகளுள் ஒன்று, இன்றைய வட டகோட்டா மாநிலத்தில் மிசூரி ஆற்றங்கரையில் வாழ்ந்த ஹிடாட்சா மக்களைப் பற்றியது. ஏறத்தாழ 1839இல் பிறந்த மாக்சிடிவியாக் (எருமைப்பறவைப் பெண் என்று பொருள்படும்) என்ற ஹிடாட்சா உழவுப் பெண், தம் மக்களின் பயிர்த்தொழிலைத் தொடக்கம் முதல் முடிவு வரை வாய்மொழியாக விளக்கினார். அவருடைய மகன் அதனை மொழிபெயர்த்தார். மானிடவியலாளர் கில்பர்ட் வில்சன் எழுதிய அப்பதிவு 1917இல் நூலாக வெளிவந்தது.

ஹிடாட்சா வீடுகளின் முன் மரத்தூண்களின் மேல் அமைந்த உயரமான பரண்கள் இருந்தன. பூசணி வகைக் காய்களை எருமையின் தோள் எலும்பால் செய்த கத்தியால் வட்ட வில்லைகளாக அரிந்து, மெல்லிய வில்லோ மரக் குச்சிகளில் கோத்து, அப்பரண்களில் காய வைத்தனர். நம்மவர் வற்றல் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் புதிதன்று. ஆனால் வெயில் குறைந்த நாட்டில் இதற்குக் கூடுதல் கவனம் தேவைப்பட்டது. மழை வந்தால் குச்சிகளை மூட வேண்டும், காற்றோட்டம் நன்றாக இருக்க வேண்டும். இளம் மக்காச்சோளத்தை அவித்து, மணிகளை உதிர்த்து, அதே பரணில் உலர்த்தினர். அவித்த பின் உலர்த்துவதால் மணிகளின் இனிப்பு மாறாமல் நின்றது. இன்று உறையவைப்பதற்கு முன் காய்களைக் கொதிநீரில் இடுவதும் இதே காரணத்தால்தான். அது பின்னர் விளக்கப்படும்.

உலர்ந்தவை நிலத்துக்குள் தோண்டிய குழிகளில் வைக்கப்பட்டன. குழியின் வாய் குறுகலாகவும் உள்ளே அகன்றும் இருக்கும். ஏணி வைத்துத்தான் இறங்க வேண்டும். உட்சுவர்களுக்குக் காய்ந்த புல் வேயப்பட்டது. சுவரை ஒட்டிப் பின்னிய மக்காச்சோளக் கதிர்கள், நடுவில் உதிர்த்த மணிகள், அவற்றுக்குள் புதைத்தாற்போல் பூசணி வற்றல் சரங்கள் என்று அடுக்கப்பட்டன. எளிதில் ஈரத்தை ஏற்கும் பூசணி வற்றலைச் சுற்றிலும் இருந்த மணிகள் காத்தன. குழியின் வாயை மூடி, மேலே மண்ணைச் சமன்படுத்தி, பகைவர் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுவார்கள்.

சாடியடைப்பின் தோற்றம்

உலர்த்திய காய் நெடுநாள் நிற்கும், ஆனால் பச்சைக் காயின் சுவையை அது தராது. உணவைக் காற்றுப்புகாத கலத்தில் அடைத்து, கலத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது கெடுவதில்லை என்பதைக் கண்டறிந்தவர் பிரான்சு நாட்டு இனிப்புப் பண்டத் தயாரிப்பாளர் நிக்கொலா அப்பேர் ஆவார். அகன்ற வாயுடைய கண்ணாடிப் போத்தல்களில் உணவை இட்டு, தக்கையால் அடைத்து, கொதிநீரில் வைத்தார். 1810இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 பிராங்கு வழங்கியது. தம் முறையை அவர் அதே ஆண்டில் நூலாக வெளியிட்டார். உணவு ஏன் கெடவில்லை என்பது அப்பேருக்கே தெரியாது. காற்றை வெளியேற்றுவதே காரணம் என்று பொதுவாகக் கருதப்பட்டது. நுண்ணுயிர்கள் வெப்பத்தால் அழிவதே உண்மையான காரணம் என்பதை லூயி பாஸ்டரின் ஆய்வுகள் 1860களில்தான் விளங்க வைத்தன.

அப்பேரின் தக்கைகள் ஒரு பண்ணை வீட்டுக்கு ஏற்றவை அல்ல. வீட்டுச் சாடியடைப்பைப் பரவலாக்கியது, நியூயார்க்கில் தகர வேலை செய்த ஜான் லாண்டிஸ் மேசன் 1858 நவம்பர் 30 அன்று காப்புரிமை பெற்ற திருகு மூடிச் சாடி ஆகும். சாடியின் கழுத்தில் வார்க்கப்பட்ட திருகு மரையும், ரப்பர் வளையமும், உலோக மூடியும் சேர்ந்து காற்றுப்புகாத அடைப்பைத் தந்தன. சாடியைத் திறந்து கழுவி மறு ஆண்டும் பயன்படுத்தலாம் என்பதே ஏழைக் குடும்பங்களுக்கு இதன் பெரும் பயன். காப்புரிமைக் காலம் முடிந்ததும் பலர் இச்சாடிகளைச் செய்யத் தொடங்கினர். அவர்களுள் பால் சகோதரர்கள் 1880களின் இறுதியில் இந்தியானா மாநிலத்தின் மன்சி நகருக்கு இடம்பெயர்ந்தனர். கண்ணாடி உருக்குவதற்கு வேண்டிய இயற்கை எரிவளி அங்கு மலிவாகக் கிடைத்ததே காரணம். மேசன் 1902இல் வறுமையில் இறந்தார். அவருடைய பெயரோ இன்றும் அச்சாடிகளைக் குறிக்கும் பொதுப்பெயராக நிலைத்திருக்கின்றது.

இன்று பயன்படும் மூடி இரு பகுதிகளால் ஆனது. விளிம்பில் மென்மையான பசைப்பூச்சு கொண்ட தட்டையான தகடு ஒன்று, அதனை இருத்தும் திருகு வளையம் ஒன்று. சூடாக்கும்போது சாடிக்குள் உள்ள காற்று விரிந்து தகட்டின் விளிம்பு வழியே வெளியேறுகின்றது. ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, தகட்டைக் கீழே இழுத்துப் பிடிக்கின்றது. அப்போது தகட்டின் நடுப்பகுதி உட்குழிந்து 'டக்' என்ற ஓசை எழும். வேலை முடிந்த இரவில் மேசை மேல் வரிசையாக ஆறும் சாடிகளின் இவ்வோசையை எண்ணிப் பார்ப்பது பண்ணை வீடுகளில் வழக்கம். ஓசை எழாத சாடியை மறுநாள் விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். மூடி மேலும் கீழும் அசைந்தால் அது அடைபடவில்லை. அதனைக் குளிர்பெட்டியில் வைத்து முதலில் உண்டுவிட வேண்டும்.

பி.எச். 4.6 என்னும் எல்லை

சாடி அடைபட்டுவிட்டது என்பதாலேயே உள்ளிருக்கும் உணவு பாதுகாப்பானது என்று பொருளாகாது. இத்துறையில் அறிந்திருக்க வேண்டிய முதன்மையான செய்தி இதுவே.

மண்ணில் எங்கும் காணப்படும் குளொஸ்டிரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியா, சூழல் ஒவ்வாதபோது வித்துகளாக மாறி உறங்குகின்றது. காய்கறிகளில் ஒட்டியுள்ள மண்ணோடு இவ்வித்துகளும் வீட்டுக்குள் வருகின்றன. நாம் அவற்றை அன்றாடம் உண்கின்றோம், நலமுள்ள பெரியவர்களுக்கு அதனால் பொதுவாகத் தீங்கில்லை. அவை முளைத்து நஞ்சை உண்டாக்க ஆக்சிசன் இல்லாமை, ஈரம், அறை வெப்பநிலை, குறைந்த அமிலத்தன்மை ஆகியன ஒருங்கே அமைய வேண்டும். நன்றாக அடைபட்ட ஒரு பீன்ஸ் சாடி இந்நான்கையும் குறைவின்றி வழங்குகின்றது. போட்டியிடும் மற்ற நுண்ணுயிர்கள் யாவும் கொதியில் இறந்துவிட, இவ்வித்துகள் மட்டும் எஞ்சி நிற்கின்றன. அரைகுறையாகச் சூடாக்கிய சாடி, சூடாக்காத காயைவிட ஆபத்தானதாக ஆவது இதனால்தான்.

அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். மதிப்பு 4.6 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் இவ்வித்துகள் முளைப்பதில்லை. ஆகவே வீட்டுச் சாடியடைப்பு முழுவதும் இந்த ஒரு கோட்டால் இரண்டாகப் பிரிகின்றது. பீச், ஆப்பிள், பிளம் போன்ற பெரும்பாலான பழங்களும், பழப்பாகுகளும், வினிகர் சேர்த்த ஊறுகாய்களும் கோட்டுக்குக் கீழே உள்ளன. இவற்றைச் சாடியோடு கொதிநீரில் மூழ்கவைத்துச் சூடாக்கினால் போதும். பீன்ஸ், மக்காச்சோளம், பீட்ரூட், காரட், உருளைக்கிழங்கு, இறைச்சி ஆகியன கோட்டுக்கு மேலே உள்ளன. கொதிநீர் 100 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகாது. அவ்வெப்பநிலையில் இவ்வுணவுகளிலுள்ள வித்துகளை அழிக்க 7 முதல் 11 மணி நேரம் தேவைப்படும் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை கூறுகின்றது. நீராவியை அழுத்தத்தில் அடைத்தால், சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அழுத்தத்தில் வெப்பநிலை 116 பாகைக்கு உயர்கின்றது. அப்போது ஒரு பைண்டு (ஏறத்தாழ அரை லிட்டர்) பீன்ஸ் சாடிக்கு 20 நிமிடமும், மக்காச்சோள மணிகளுக்கு 55 நிமிடமும் போதுமானவை. அமிலம் குறைந்த உணவுகளுக்கு அழுத்த முறையே பாதுகாப்பானது என்று அத்துறை 1917இலேயே முடிவு செய்தது.

தக்காளி இக்கோட்டின் மீதே அமர்ந்திருக்கும் விந்தையான காய். வகை, முதிர்ச்சி, செடியின் நலம் ஆகியவற்றைப் பொறுத்து அதன் பி.எச். மதிப்பு 4.6க்குச் சற்றுக் கீழாகவோ மேலாகவோ இருக்கும். நாவின் புளிப்பைக் கொண்டு இதனை அறிய இயலாது, ஏனெனில் சர்க்கரை மிகுந்த தக்காளியில் அமிலம் இருந்தும் புளிப்புத் தெரிவதில்லை. எனவே ஒரு குவார்ட்டு (ஏறத்தாழ 0.95 லிட்டர்) சாடிக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறோ, அரைத் தேக்கரண்டி சிட்ரிக் அமிலமோ சேர்க்க வேண்டும் என்பது விதி. வீட்டில் பிழிந்த சாறு ஏற்கப்படுவதில்லை. பழத்துக்குப் பழம் அமில அளவு மாறுவதால், அளவு உறுதிசெய்யப்பட்ட போத்தல் சாறே பயன்படுத்தப்பட வேண்டும். ஏழு குவார்ட்டு சாடிகளை நிரப்ப ஏறத்தாழ 10 கிலோகிராம் தக்காளி தேவை. தோலுரித்து நசுக்கிச் சூடாக்கி நிரப்பிய தக்காளியைக் கொதிநீரில் 45 நிமிடம் வைக்க வேண்டும்.

உயரமான இடங்களில் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கின்றது. ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வர் நகரில் கொதிநிலை 95 பாகை அளவில்தான் உள்ளது. ஆகையால் 1,000 அடிக்கு மேற்பட்ட இடங்களில் நேரத்தையோ அழுத்தத்தையோ கூட்ட வேண்டும். அழுத்தக் கலனின் மூடியை அடைத்தவுடன் எடைக்கட்டியை வைத்துவிடக் கூடாது. 10 நிமிடம் நீராவியைச் சீராக வெளியேறவிட வேண்டும். உள்ளே காற்று தங்கிவிட்டால், அழுத்தமானி சரியான எண்ணைக் காட்டினாலும் வெப்பநிலை உரிய அளவை எட்டாது.

நம் சமையலறைகளில் உள்ள பிரஷர் குக்கரும் நீராவி அழுத்தத்தில் இயங்குவதால், அதிலேயே சாடியடைப்பைச் செய்யலாம் என்று தோன்றலாம். அவ்வாறு செய்யக் கூடாது. வரையறுக்கப்பட்ட நேரங்கள், குறைந்தது நான்கு குவார்ட்டு சாடிகள் கொள்ளும் பெரிய கலனைக் கொண்டு கணிக்கப்பட்டவை. கலன் மெல்லச் சூடேறி மெல்ல ஆறும் நேரமும் அக்கணக்கில் சேர்ந்துள்ளது. சிறிய குக்கர் விரைவில் சூடாகி விரைவில் ஆறிவிடுவதால், சாடியின் நடுப்பகுதி போதிய வெப்பத்தைப் பெறாது.

நஞ்சேற்றமும் சில நிகழ்வுகளும்

இந்நோய் பொட்டுலிசம் எனப்படுகின்றது. இலத்தீன் மொழியில் தொத்திறைச்சியைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. செருமானிய மருத்துவர் யுஸ்டினுஸ் கெர்னர் 1820களில் கெட்ட தொத்திறைச்சியால் உண்டான இந்நோயை விரிவாக விவரித்தார். 1895இல் பெல்சியத்தின் எல்செல் என்ற சிற்றூரில், இறுதிச் சடங்கொன்றுக்கு வாசித்த இசைக்குழுவினர் உப்பிட்ட பன்றித் தொடை இறைச்சியை உண்டு நோயுற்றனர். மூவர் இறந்தனர். அந்த இறைச்சியிலிருந்து எமில் வான் எர்மெங்கம் இப்பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்.

நஞ்சு நரம்பு முனைகளில் செயல்பட்டு, தசைகளுக்குச் செல்லும் கட்டளையைத் தடுக்கின்றது. இமை தொங்குதல், பார்வை இரட்டையாகத் தெரிதல், பேச்சுக் குழறுதல், விழுங்க முடியாமை ஆகியவற்றில் தொடங்கி மூச்சுத் தசைகள் செயலிழக்கும் வரை செல்லலாம். அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் தோன்றும். நஞ்சு கலந்த உணவில் கெட்ட மணமோ நிற மாற்றமோ இருக்க வேண்டும் என்பதில்லை. ஐயத்துக்குரிய சாடியைச் சுவைத்துப் பார்ப்பது ஒருபோதும் கூடாது என்பது இதனால்தான்.

1977இல் மிச்சிகன் மாநிலத்தின் பொண்டியாக் நகர உணவகம் ஒன்றில், சரியாகப் பதப்படுத்தாமல் சாடியில் அடைத்த மிளகாயால் 59 பேர் பாதிக்கப்பட்டனர். 2015 ஏப்ரலில் ஒகையோ மாநிலத்தின் லாங்காஸ்டர் நகரில் ஒரு தேவாலயக் கூட்டு விருந்தில் உருளைக்கிழங்கு சாலட் உண்டவர்களுள் 29 பேர் நோயுற்றனர். ஒருவர் இறந்தார். அந்த உருளைக்கிழங்கு அழுத்த முறையில் அன்றி, கொதிநீரில் மட்டும் வைத்துச் சாடியடைக்கப்பட்டிருந்தது. செய்தவர் அலட்சியக்காரராக இருக்க வேண்டிய தேவையே இல்லை. பழங்களுக்குப் பொருந்தும் முறையை ஒருவர் கிழங்குக்கும் கையாண்டால் போதும்.

"எங்கள் பாட்டி காலமெல்லாம் இப்படித்தான் செய்தார், எதுவும் நேரவில்லை" என்னும் வாதம் இங்கு அடிக்கடி எழுகின்றது. சூடான உணவைச் சாடியில் ஊற்றி மூடிவிட்டு, மேலும் சூடாக்காமல் விடுவது, பழப்பாகின் மேல் மெழுகை உருக்கி ஊற்றுவது ஆகியன முற்காலத்தில் பரவலாக இருந்தன. இவை இரண்டும் இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை. பல சாடிகள் தப்பிவிடுகின்றன என்பது உண்மையே. எந்தச் சாடி தப்பவில்லை என்பதைப் பார்த்து அறிய முடியாது என்பதும் உண்மை.

அறிவைப் பரப்பியவர்கள்

இம்முறைகள் பண்ணைகளைச் சென்றடைந்ததில் பள்ளிச் சிறுமியருக்கும் பங்குண்டு. தென் கரோலினா மாநிலத்தின் அய்க்கன் மாவட்டத்தில் ஆசிரியை மேரி சாமுவெல்லா குரோமர் 1910இல் சிறுமியருக்கான தக்காளிச் சங்கத்தைத் தொடங்கினார். சிறுவர்களுக்கு மக்காச்சோளச் சங்கங்கள் ஏற்கெனவே இருந்தன. ஒவ்வொரு சிறுமியும் பத்தில் ஒரு பங்கு ஏக்கரில் தக்காளி பயிரிட்டு, விளைந்ததைத் தகரக் குவளைகளில் அடைத்து விற்றாள். வருவாய் அவளுக்கே உரியது. இச்சங்கங்கள் தென் மாநிலங்களில் விரைவாகப் பரவின. 1914இல் இயற்றப்பட்ட ஸ்மித்-லீவர் சட்டம், பல்கலைக்கழக ஆய்வுகளை ஊர்களுக்குக் கொண்டு செல்லும் வேளாண் விரிவாக்கப் பணியை நாடு முழுவதும் நிறுவியது. அதற்கு முன்பே, 1906இல், அலபாமாவின் டஸ்கீகீ கல்வி நிலையத்திலிருந்து சார்ச் வாசிங்டன் கார்வர் வடிவமைத்த குதிரை வண்டிப் பள்ளி ஒன்று கறுப்பின உழவர்களிடம் சென்று கற்பித்தது.

இரண்டாம் உலகப் போரின்போது வீட்டுத் தோட்டங்கள் அரசால் ஊக்குவிக்கப்பட்டன. அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 2 கோடி என்று மதிப்பிடப்படுகின்றது. சர்க்கரை பங்கீட்டில் இருந்தபோதும், பழங்களைப் பதப்படுத்துவோருக்குக் கூடுதல் சர்க்கரை ஒதுக்கப்பட்டது.

ஊறவைத்தலும் புளிக்கவைத்தலும்

காயை அமிலக் கோட்டுக்குக் கீழே கொண்டுவர இரு வழிகள் உள்ளன. ஒன்று, 5 விழுக்காடு அமிலம் கொண்ட வினிகரை வெளியிலிருந்து சேர்ப்பது. மற்றொன்று, அமிலத்தைக் காயிலேயே விளைவிப்பது.

செருமானியக் குடியேறிகள் கொண்டுவந்த புளித்த முட்டைக்கோசு இரண்டாம் வழிக்கு நல்ல எடுத்துக்காட்டு. மெல்லியதாக அரிந்த கோசுடன் அதன் எடையில் ஏறத்தாழ 2.5 விழுக்காடு உப்பைச் சேர்த்துப் பிசைந்தால், கோசிலிருந்தே நீர் ஊறி வரும். அந்நீரில் கோசு முழுதும் அமிழ்ந்திருக்குமாறு மேலே தட்டும் கனமும் வைத்து, 21 முதல் 24 பாகையில் மூன்று நான்கு வாரங்கள் விட வேண்டும். உப்பு கெடுக்கும் பாக்டீரியாக்களை அடக்க, இலாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. முதலில் பெருகும் லூக்கோனொஸ்டொக் மெசன்டெராய்ட்ஸ் என்பது நம் இட்டிலி மாவைப் பொங்க வைக்கும் அதே பாக்டீரியா ஆகும். அமிலம் ஏறியதும் அது ஓய்ந்து, கூடுதல் அமிலம் தாங்கும் இனங்கள் வேலையைத் தொடர்கின்றன. உப்பைக் குறைப்பது உடல்நலத்துக்கு நல்லது என்று எண்ணி இங்கு அளவைக் குறைக்கக் கூடாது.

வெள்ளரி ஊறுகாயில் சதகுப்பையும் பூண்டும் சேர்ப்பர். வெள்ளரியின் பூ இருந்த முனையை மெல்லியதாகச் சீவி எறிய வேண்டும். அம்முனையில் உள்ள நொதிகள் காயைக் குழைத்துவிடும்.

நிலவறை

எந்தச் சமையலும் இல்லாமல் காக்கக்கூடியவை நிலவறைக்குச் செல்கின்றன. வீட்டின் அடியிலோ மேட்டுச் சரிவிலோ தோண்டப்படும் இவ்வறை, பனிக்காலத்தில் உறையாமலும் வெப்பமடையாமலும் இருக்கின்றது. எல்லாவற்றையும் ஒரே மூலையில் குவிப்பது தவறு. உருளைக்கிழங்கை முதலில் இரண்டு வாரம் இருட்டில் வைத்துத் தோல் தடிக்கவிட்டு, பின்னர் 4 அல்லது 5 பாகையில் ஈரப்பதம் மிகுந்த இடத்தில் வைப்பர். வெளிச்சம் பட்டால் அது பச்சையாகிச் சோலனைன் என்னும் நச்சுப்பொருளைச் சேர்த்துக்கொள்ளும். காரட்டை ஈர மணலில் அடுக்கி, உறைநிலையை ஒட்டிய குளிரில் வைப்பர். வெங்காயத்துக்கும் குளிர் வேண்டும், ஆனால் உலர்ந்த காற்று வேண்டும். தடித்த தோலுடைய பூசணியோ இவ்விரண்டையும் விரும்பாது. 10 முதல் 13 பாகையில், உலர்ந்த அறையில் அது நெடுநாள் இருக்கும். ஆப்பிள் வெளிவிடும் எத்திலீன் வளி காரட்டைக் கசக்கச் செய்யும் என்பதால், ஆப்பிளைத் தனியே வைப்பது நன்று.

உறையவைத்தல்

1930களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. 1935இல் ஊரக மின்மயமாக்கல் அமைப்பு உருவான பிறகு நிலைமை மாறியது. போருக்குப் பின் உறைபெட்டிகள் பண்ணை வீடுகளுக்கு வந்தன. மக்காச்சோளம், பீன்ஸ் போன்றவற்றுக்கு இதுவே இன்று மிக எளிய வழி. ஆனால் −18 பாகையிலும் நொதிகள் முழுதும் ஓய்வதில்லை. ஆகையால் பீன்சை 3 நிமிடம் கொதிநீரில் இட்டு, உடனே பனிநீரில் ஆற்றி, ஈரம் வடித்த பிறகே உறையவைக்க வேண்டும். இவ்வாறு செய்யாவிட்டால் சில வாரங்களில் நிறமும் மணமும் குன்றி, காய் வைக்கோல் போன்ற சுவையைப் பெறும்.

இன்றைய நிலை

அமெரிக்க வேளாண்மைத் துறையின் முழுமையான வீட்டுச் சாடியடைப்பு வழிகாட்டி 1988இல் முதலில் வெளிவந்து, 2015 வரை பலமுறை திருத்தப்பட்டது. 2000இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு வீட்டு உணவுப் பதப்படுத்தலுக்கான தேசிய மையம் நிறுவப்பட்டது. சோதிக்கப்பட்ட செய்முறைகளை அது இலவசமாக வழங்குகின்றது. ஊர்ப்புறங்களில் உள்ள பல விரிவாக்க அலுவலகங்கள், முள் காட்டும் அழுத்தமானிகளை ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துத் தருகின்றன.

2020இல் கொரோனாப் பெருந்தொற்றால் வீட்டிலிருந்த பலர் தோட்டமிட்டனர். அவ்வாண்டுக் கோடை இறுதியில் மேசன் சாடிகளுக்கான தட்டை மூடிகள் கடைகளில் கிடைக்காமல் போயின. தட்டுப்பாடு 2021இலும் நீடித்தது. சாடியும் திருகு வளையமும் பல ஆண்டுகள் உழைப்பவை, மூடித் தகடு மட்டும் ஒருமுறைக்கே உரியது. அதன் பசைப்பூச்சு ஒருமுறை சாடி விளிம்பின் தடத்தை ஏற்றுவிட்டால் மறுமுறை உறுதியாக ஒட்டுவதில்லை. ஆகையால் சாடிகள் நிறைய இருந்தும், மூடி கிடைக்காத வீடுகள் விளைச்சலை உறைபெட்டிக்கும் நிலவறைக்கும் மாற்ற வேண்டியிருந்தது.